இந்தப் பிள்ளைகள் இப்படித்தான்

பட்டிப்பொல என்ற பெயரை உங்களில் பலர் ரயில் நிலையப் பலகையில் கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள். கடல் மட்டத்திலிருந்து 1,891 மீற்றர் உயரத்தில் இருக்கும், இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் அது. ஹோட்டன் சமவெளிக்குப் போகும் சுற்றுலாப் பயணிகள் அங்கே இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது வேலைத்தலம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, ஒரு தொண்டு நிறுவனத்தின் கள உத்தியோகத்தராக 2016 இல் அந்தப் பகுதித் தோட்டங்களுக்குப் போனேன். விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைகளில் தோட்டத்து மண்டபத்தில் வகுப்பு நடத்துவதும் என் பொறுப்புகளில் ஒன்று.

நான் இங்கே எழுதப்போகும் பிள்ளையை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் அப்படியே எழுதுகிறேன். 2011 இல் பிறந்தவள். டவுன் சின்ட்ரோம் உள்ளவள். உடலின் கலங்களில் 21 ஆவது நிறமூர்த்தம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதால் வருகிற நிலை இது. பிரான்ஸ் நாட்டு வைத்தியர் ஜெரோம் லெஜூனும் அவருடன் பணியாற்றியோரும் 1959 இலேயே இதைக் கண்டு சொல்லிவிட்டார்கள். கர்ப்பத்தில் தாய் எதைச் சாப்பிட்டாள், எந்தக் கிரகணத்தன்று வெளியே போனாள் என்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. பாப்பாவின் அம்மாவிடம் இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். தலையாட்டிக் கேட்டுக்கொள்வார். அடுத்த வாரம் மறுபடியும் கேட்பார்.

2018 டிசம்பரில் மாற்றுத்திறனாளிகள் தினத்தையொட்டி மண்டபத்தில் சிறு விழா வைத்தோம். பாட்டு, நடனம், பிஸ்கட், தேநீர். பாப்பாவுக்குப் பாட்டு வராது. ஆனால் அவள் உடம்பு ரப்பர் மாதிரி வளையும். பாயில் குட்டிக்கரணம் போடுவாள். நான்தான் அவளுக்கு அதைப் பழக்கினேன். வாராவாரம் தலையைப் பாயில் வைக்கச் சொல்லி, இடுப்பைப் பிடித்துத் தூக்கிவிட்டுப் பழக்கினேன். விழா அன்று தொடர்ந்து நான்கு போட்டாள். தோட்டமே கை தட்டியது. அவளுடைய அம்மா சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை. அந்தப் படம் இன்னும் என் தொலைபேசியில் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை, திறந்து பார்க்கவும் மனம் வரவில்லை.

அடுத்த ஆண்டு ஜனவரியிலிருந்து பாப்பா வகுப்புக்குப் பிந்தி வரத் தொடங்கினாள். லயத்திலிருந்து மண்டபத்துக்கு வரும் படிகளில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். கையைப் பிடித்து இழுத்தால் அழுவாள். முன்பு தானாகச் சோறு அள்ளிச் சாப்பிட்டவள், கோப்பையைக் கீழே போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நாங்கள் ஒரு கோவை வைத்திருப்போம். பெப்ரவரி மாதத்துக்குரிய பக்கத்தில் என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "பிடிவாதம் கூடியுள்ளது. நடக்கச் சோம்பல். தாய் அதிகம் செல்லம் கொடுக்கிறார்."

"கழுத்த ஒரு பக்கமாவே வச்சிக்கிட்டு இருக்கா மிஸ். வலிக்குதாம்" என்று அம்மா சொன்னது உண்மை. அதை நானும் பெரிதாக எடுக்கவில்லை, அவரும் பெரிதாக எடுக்கவில்லை. காரணம், தோட்டத்தில் கழுத்து வலி இல்லாத பெண்ணே கிடையாது. கூடையோ படங்குப் பையோ, கொழுந்தின் பாரம் முழுவதையும் தலையில் போட்ட கயிறுதான் தாங்குகிறது. காலையிலிருந்து மாலை வரை, மேடும் பள்ளமுமாக. இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு படுப்பார்கள். "எங்க எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்பார்கள். கொழுந்துப் பை சுமக்காத ஏழு வயதுப் பிள்ளைக்கு அது ஏன் வர வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

அம்மா மருந்தெடுக்காமல் இருக்கவுமில்லை. தோட்டத்து மருந்துக் காம்பராவில் பனடோல் கொடுத்தார்கள். அரை நாள் வேலையை விட்டுவிட்டு டவுனில் ஒரு வைத்தியரிடம் காட்டினார். அந்த வைத்தியர் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார், காலைப் பார்க்கவில்லை. "இந்தப் பிள்ளைகள் இப்படித்தான். வளர வளர மந்தமாகும்" என்று சொல்லி விட்டமின் எழுதிக் கொடுத்தாராம். அதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை. என் கோவையிலும் ஏறக்குறைய அதைத்தானே எழுதி வைத்திருந்தேன்!

பாப்பாவின் அப்பா கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்தார். சித்திரைப் புத்தாண்டுக்கு வரும்போது சுளுக்குப் பார்க்கும் ஒருவரிடம் பிள்ளையைக் கொண்டுபோவதாகத் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அந்த மனிதர் கழுத்தில் எண்ணெய் போட்டு நீவி ஒரு திருப்புத் திருப்பினால் எல்லாம் சரியாகிவிடுமாம். நானும் "போய்ப் பாருங்கள்" என்றுதான் சொன்னேன்.

மார்ச் கடைசியில் ஒரு சனிக்கிழமை, நடக்க முடியாத இன்னொரு பையனைப் பார்ப்பதற்காக ஓர் இயன்மருத்துவர் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு கால்களை அகட்டி வைத்து நடந்து வருவதை வாசலிலேயே நின்று பார்த்தார். அவளை மெதுவாக உட்கார வைத்து முழங்காலில் சிறு சுத்தியலால் தட்டினார். கால் துள்ளி எழுந்தது. பாதத்தைப் பிடித்து மேல் நோக்கி மடக்கினார். அது தானாகத் துடிதுடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவள் ஒன்றுக்குப் போவதைச் சொல்லப் பழகியிருந்தாளா?"

"அஞ்சு வயசிலேயே பழகிட்டாங்க. இப்ப ரெண்டு மாசமா பாய நனைக்கிறா. வீம்புக்குச் செய்யிறான்னு அடிச்சேன்."

இயன்மருத்துவரின் முகம் மாறியது. இனி யாரும் இந்தப் பிள்ளையின் தலையைத் திருப்பவோ, பின்னால் சாய்க்கவோ, கக்கத்தில் பிடித்துத் தூக்கிக் குலுக்கவோ கூடாது என்றார். ஒரு துவாயைச் சுருட்டிக் கழுத்தைச் சுற்றித் தளர்வாக வைத்தார். திங்கட்கிழமை வரை காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகச் சொன்னார்.

கழுத்தை முன்னால் குனிய வைத்தும் நேராக வைத்தும் எடுத்த கதிர்ப்படங்களைப் பார்த்த வைத்தியர், உடனே கழுத்துப்பட்டி போட்டு மேல் வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். என்ன நடந்திருக்கிறது என்று ஒரு வைத்தியர் எனக்குச் சிங்களத்தில் விளக்க, நான் என் வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு அம்மாவுக்கு விளக்கினேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன்.

மண்டையோட்டுக்கு நேர் கீழே இருக்கும் முதலாவது கழுத்தெலும்பு ஒரு வளையம். வளையல் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே இருக்கும் இரண்டாவது எலும்பிலிருந்து ஒரு முளை விரல் மாதிரி மேலே நீண்டு வளையலுக்குள் நிற்கிறது. நாம் தலையை வலமும் இடமும் திருப்பும்போது அந்த விரலைச் சுற்றித்தான் வளையல் திரும்புகிறது. கழுத்தின் மொத்தத் திருப்பத்தில் பாதி இந்த ஓரிடத்தில்தான் நடக்கிறது. விரல் வளையலின் முன்பக்கத்தோடு ஒட்டி நிற்க வேண்டும். அப்படி அதைப் பிடித்து வைத்திருப்பது ஒரு நார்ப்பட்டி. விரலுக்குப் பின்னால் மிச்சமிருக்கும் இடத்தில்தான் மூளையிலிருந்து இறங்கும் முண்ணாண், அதாவது கைகால்களுக்கும் மூச்சுக்கும் சிறுநீருக்கும் கட்டளை கொண்டு போகும் பெரிய நரம்புக் கயிறு, போகிறது. நார்ப்பட்டி தளர்ந்தால், குனியும் ஒவ்வொரு தடவையும் வளையல் முன்னால் நழுவும். விரல் பின்பக்கமாக அந்தக் கயிற்றை நசுக்கும்.

டவுன் சின்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்கு உடம்பெங்கும் இந்த நார்கள் பிறப்பிலேயே தளர்வு. அதனால்தான் பாப்பா ரப்பர் மாதிரி வளைந்தாள். அவளுடைய திறமை என்று நான் நினைத்திருந்தது அவளுடைய ஆபத்தின் அடையாளம். கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தால் இப்பிள்ளைகளில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இந்த எலும்புகள் அளவுக்கு மிஞ்சி அசைவது தெரியும். ஆனால் நரம்பு நசுங்கி நோய் வெளிப்படுவது நூற்றில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான். ஆகவே இப்படிப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மார் எல்லோரும் இன்றிரவே பதற வேண்டியதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத பிள்ளைக்குச் சும்மா கதிர்ப்படம் எடுப்பதால் பெரிய பயன் இல்லை, அறிகுறிகளைக் கவனித்திருப்பதே முக்கியம் என்றுதான் அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கமும் 2011 இல் அறிவுறுத்தியது. மொர்க்கியோ என்ற பிறவி நோயுள்ள பிள்ளைகளுக்கும், அந்த எலும்பு முளை சரியாக வளராத பிள்ளைகளுக்கும் இதே நிலை வரலாம். காசநோய் கழுத்தெலும்பைத் தாக்கினாலும் வரும். அதற்கு முக்கிய வைத்தியம் மருந்து.

சத்திரசிகிச்சை கொழும்பில்தான் என்று முடிவாகி, ஏப்ரல் கடைசிக்குத் திகதி தந்தார்கள். 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று குண்டுகள் வெடித்தன. திகதி தள்ளிப்போனது. ஊரடங்கு, வைத்தியசாலை வாசலில் பை சோதனை, அடையாள அட்டை. உங்களுக்கு நான் இதை விவரிக்கத் தேவையில்லை. பாப்பாவின் அம்மாவுக்கு அது புதிது. "கொழும்பு வேணாம் மிஸ். ஊருக்கே போயிருவோம்" என்று அழுதார்.

மே மாதம் வார்ட்டில் சத்திரசிகிச்சை நிபுணர் சம்மதம் கேட்க வந்தார். படிவம் சிங்களத்தில் இருந்தது. இருமொழி நாடு என்று சட்டம் சொன்னாலும், அன்று அந்தக் கட்டிலருகில் இரண்டாவது மொழி நான் மட்டும்தான். அவர் பொறுமையானவர், ஒன்றையும் மறைக்கவில்லை. செய்யாமல் விட்டால் ஒரு சிறு விழுகையில் கைகால் நான்கும் போகலாம், மூச்சே நிற்கலாம். செய்தாலும் இரத்தப்போக்கு, கிருமித்தொற்று, நரம்பில் காயம் வரலாம். எலும்பு பொருந்தாமல் மறுபடி வெட்ட நேரலாம், இந்தப் பிள்ளைகளில் அது மற்றவர்களைவிட அதிகம். பிறகு, பிள்ளை இறந்தும் போகலாம் என்றார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்த நான், கடைசி வார்த்தை வந்தபோது "ஏதாவது ஆகலாம்" என்று சொன்னேன்.

"ஏதாவதுன்னா என்னா மிஸ்?"

சொன்னேன்.

அவர் பேனாவை வாங்கவில்லை. "பாப்பா செத்துப்போனா அழுது தீத்துருவேன். படுத்த படுக்கையாக் கெடந்து, நான் செத்த பிறகு யாரு மிஸ் பாக்கிறது?" என்றார். நிபுணர் நாளைக் காலை வரை நேரம் தந்துவிட்டுப் போனார்.

அன்று மாலை எனக்கு என் சித்தி மகளின் நினைவு வந்தது. 1977 கலவரத்தின்போது தோட்டத்தை விட்டு வவுனியாப் பக்கம் ஓடிய குடும்பம் அது. பிறகு கிளிநொச்சியில் குடியேறினார்கள். அக்கா அங்கேதான் பிறந்தாள். 2009 இல் முள்ளிவாய்க்காலில் ஷெல் துண்டொன்று முதுகில் பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. சக்கர நாற்காலியில் இருந்து தைத்துத்தான் பிள்ளைகளைப் படிப்பித்தாள். அவளை அழைத்து விஷயத்தைச் சொல்லி, தொலைபேசியைப் பாப்பாவின் அம்மாவிடம் கொடுத்தேன். ஒரு மலையகத் தாய்க்கும் ஒரு வன்னிப் பெண்ணுக்கும் பேச்சுவழக்கே வேறு. இரண்டு பேரும் என்ன பேசுவார்கள் என்று யோசித்தபடி ரீலோட் அட்டை வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்: ராவில் எப்படித் திரும்பிப் படுப்பீர்கள், ஒன்றுக்கு எப்படிப் போவீர்கள், முதுகுப் புண்ணுக்கு என்ன போடுவீர்கள்? வைத்தியரிடம் கேட்க வாய் வராத கேள்விகள் எல்லாவற்றையும் அவளிடம் கேட்டார். அக்கா ஒளிக்காமல் பதில் சொன்னாள். ஒலிபெருக்கியைப் போட்டிருந்ததால் கடைசியில் அவள் சொன்னது எனக்கும் கேட்டது.

"அக்கா, எனக்கு ஒரு செக்கன்தான். இப்பிடி நடக்கப்போகுது, என்ன செய்வம் எண்டு என்னட்ட ஒருத்தரும் கேக்கேல்லை. உங்களிட்டக் கேக்கினம். பயமெண்டாலும் கேக்கினம்தானே."

மறுநாள் காலை அம்மா தன் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டி எழுதிக் கொடுத்தார்.

என்ன செய்யப்போகிறார்கள் என்பதையும் அந்த வளையலை வைத்தே விளங்கப்படுத்தினேன். வளையலையும் விரலையும் இனி அசையாதபடி பின்பக்கத்திலிருந்து ஒன்றாகப் பிணைத்து, இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டை இடையில் வைப்பார்கள். சில மாதங்களில் அந்தத் துண்டு ஒட்டு மரம் போலப் பிடித்து, இரண்டு எலும்பும் ஓரெலும்பாகிவிடும். இதற்குக் கனடாவைச் சேர்ந்த காலி என்ற வைத்தியர் 1939 இல் கம்பியால் கட்டும் முறையை எழுதினார். கம்பிக் கட்டு சில நேரம் தளர்ந்துவிடும். இப்போது பெரும்பாலும் பாவிக்கும் திருகாணி முறையின் வேர் நமக்கு அருகில் இருக்கிறது என்பதைப் பிறகு தேடிப் படித்தபோது அறிந்துகொண்டேன். மும்பையில் மாநகராட்சி நடத்தும் கே.ஈ.எம். வைத்தியசாலையில் டொக்டர் அதுல் கோயல் 1988 முதல் இரண்டு எலும்புகளின் பக்கங்களிலும் தனித்தனியாகத் திருகாணி இறக்கி, தகட்டால் இணைத்து வந்திருக்கிறார். 1994 இல் அதை வெளியிட்டார். 2002 இல் 160 நோயாளிகளின் அனுபவத்தை எழுதினார். ஜேர்மனியின் ஹார்ம்ஸ் 2001 இல் தகட்டுக்குப் பதிலாகக் கோல் வைத்து அதை இலகுவாக்கினார். உலகெங்கும் இன்று இந்த இருவரின் பெயராலும் அம்முறை சொல்லப்படுகிறது. பணக்கார நாட்டில் கண்டுபிடித்து நம்மிடம் வந்து சேர்ந்ததென்றே எல்லாவற்றையும் நினைத்துப் பழகிவிட்டோம். ஏழைகள் வரிசையில் நிற்கும் ஒரு வைத்தியசாலையிலிருந்து இது உலகத்துக்குப் போயிருக்கிறது என்பது எனக்கு ஏனோ பெரிய ஆறுதலாக இருந்தது.

பாப்பாவின் எலும்புகள் மிகச் சிறியவை. மூளைக்கு இரத்தம் கொண்டு போகும் குழாய் ஒரு பக்கத்தில் எலும்புக்குள் மிக நெருக்கமாக ஓடுவதை சீ.ரீ. ஸ்கானில் கண்டார்கள். அந்தப் பக்கம் திருகாணி போட முடியாது, கம்பிதான். அதனால் கூடுதல் பாதுகாப்புக்கு மூன்று மாதம் ஹேலோ போட வேண்டும் என்றார்கள். சத்திரசிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. வராந்தாவில் நானும் அம்மாவும் ஒரு பனிஸைப் பிய்த்துப் பகிர்ந்தபடி இருந்தோம். அப்பா வேலைக்கு லீவு கிடைக்காமல் பன்னிரண்டு மணிக்குத்தான் வந்தார். வந்தவர் சுளுக்குக்காரரைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கண் விழித்ததும் பாப்பா முதலில் செய்தது தன் கால் பெருவிரலை அசைத்ததுதான். தாதி போர்வையை நீக்கி எங்களுக்குக் காட்டினார்.

ஹேலோ என்பது தலையைச் சுற்றி ஒரு வளையம். மண்டையோட்டின் மேற்பரப்பில் சிறு ஊசிகளால் பொருத்தி, நான்கு கம்பிகளால் மார்பில் மாட்டிய கவசத்தோடு இணைத்திருப்பார்கள். போலியோவால் கழுத்துத் தளர்ந்தவர்களுக்காக 1950 களில் கலிபோர்னியாவில் உருவாக்கியது. அதை மாட்டிக்கொண்டு லயக் காம்பராவில் வாழ்வதைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கதவு நிலை தாழ்வு, கம்பி இடிக்கும். அடுப்புப் புகை கண்ணில் ஏறினால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. பட்டிப்பொலக் குளிரில் இரவில் அந்த வளையம் ஐஸ் மாதிரி ஆகிவிடும். அம்மா பழைய கம்பளித் தொப்பியொன்றைக் கத்தரித்துக் கம்பிகளுக்கு உறை தைத்தார். ஊசி துளைத்த இடங்களைத் தினமும் சொல்லிக் கொடுத்தபடி துடைத்தார். லயத்துப் பிள்ளைகள் "அன்டனா" என்று பட்டம் வைத்தார்கள். பாப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. யாராவது வந்தால் தன் தலையைக் காட்டி "அன்டனா" என்று தானே சொல்வாள்.

மார்ச் கடைசியிலிருந்து ஏறக்குறைய ஐந்து மாதம் அம்மாவுக்கு வேலையில்லை. அன்று நாள் அடிப்படைச் சம்பளம் 700 ரூபா. அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான். பஸ், ஓட்டோ, வார்ட்டில் தாயின் சாப்பாடு, விழுந்த பேர்கள் எதுவும் இலவசமில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் மூன்று பேர் முறை வைத்து அரிசியும் விறகும் கொடுத்தார்கள். எங்கள் நிறுவனம் போக்குவரத்துச் செலவு மட்டும் தந்தது, அதற்கும் பற்றுச்சீட்டுக் கேட்டது. ஓட்டோக்காரரிடம் பற்றுச்சீட்டு வாங்கப் பட்ட பாடு தனிக் கதை.

ஆகஸ்டில் ஹேலோவைக் கழற்றினார்கள். எலும்பு பொருந்தியிருந்தது. ஒக்டோபரில் பாப்பா சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். பாய் நனைவது நின்றது. வலது கை மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, இன்றும் தேநீர்க் கோப்பையை இடது கையால்தான் பிடிப்பாள். நசுங்கியதைச் சத்திரசிகிச்சை விடுவித்தது, ஆனால் நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு எல்லாம் உயிர் பெறுமென்ற உத்தரவாதம் கிடையாது என்று நிபுணர் முன்பே சொல்லியிருந்தார். ஜனவரியிலேயே கொண்டு வந்திருந்தால் கையும் திரும்பியிருக்குமா என்று கிளினிக்கில் கேட்டேன். "இருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

அந்த "இருக்கலாம்" என்னை விடவில்லை. நவம்பரில் ஒருநாள் லயத்துக்குப் போய், அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பிள்ளைகள் குட்டிக்கரணம் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாமல் போனது, தலையைப் பாயில் வைத்துப் பழக்கியது, கோவையில் சோம்பல் என்று எழுதியது. தளர்வு பிறவியிலேயே இருந்தது, குட்டிக்கரணம்தான் காரணம் என்று சொல்ல முடியாது என்று வைத்தியர் சொன்னதையும் சொன்னேன், என்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "நானுந்தானே மிஸ் கை தட்டினேன். பாய நனைச்சதுக்கு அடிச்சதும் நான்தான்" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் தந்தார்.

சகோதரிகளே, இடம்பெயர்ந்த காலத்தில், முகாம்களில், கிளினிக் அட்டைகூட இல்லாமல் பிறந்து வளர்ந்த இப்படிப்பட்ட பிள்ளைகள் உங்கள் பக்கமும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் இன்று வளர்ந்தும் விட்டார்கள், அவர்களுக்கும் இது வரக்கூடும். நடந்த பிள்ளை தடுமாறினால், பழகிய பிள்ளை மறுபடி நனைத்தால், கை சோர்ந்து பொருளைக் கீழே போட்டால், கழுத்தைச் சரித்தே வைத்திருந்தால் அல்லது கழுத்து வலியென்று அழுதால், அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். "முன்பு செய்தாள், இப்போது முடியவில்லை" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "இவர்கள் அப்படித்தான்" என்றால், "போன மாதம் அப்படி இல்லை" என்று திருப்பிச் சொல்லுங்கள். கழுத்தை நீவவும் திருப்பவும் யாரிடமும் கொடுக்காதீர்கள். பல் பிடுங்கவோ வேறு சத்திரசிகிச்சைக்கோ மயக்க மருந்து கொடுக்கும் முன், பிள்ளைக்கு டவுன் சின்ட்ரோம் இருப்பதால் கழுத்தைக் கவனமாகக் கையாளும்படி ஞாபகப்படுத்துங்கள். அப்போது தலையைப் பின்னால் சாய்ப்பார்கள். அறிகுறி இல்லாத பிள்ளைகூடக் குட்டிக்கரணம் போட வேண்டாம். வேறு விளையாட்டு எத்தனையோ இருக்கின்றன.

பாப்பாவுக்கு இப்போது பதினான்கு வயது தாண்டிவிட்டது. 2020 ஊரடங்கில் ஒரு பரிசோதனை தவறியது, 2022 இல் எரிபொருள் வரிசைகளால் இன்னொன்று. மற்றவற்றுக்கெல்லாம் தவறாமல் போய் வந்தார்கள். கழுத்து முன்போலத் திரும்பாது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தோளோடு உடம்பு முழுவதையும் திருப்பித்தான் பார்ப்பாள். தெரியாதவர்கள் அதைக் கர்வம் என்று நினைக்கிறார்கள். வகுப்பில் பாயை விரித்தால் இன்னமும் ஆசையோடு தலையைக் குனிவாள். நான் ஓடிப்போய்ப் பாயைச் சுருட்டுவேன். அவளுக்கு என்மேல் அதில் தீராத கோபம்.